திரை நின்ற இடம்

கடவுச்சொல்லைத் தட்டி என்டர் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கிறது. பிறகு அதே கடவுச்சொல் பெட்டி மறுபடி வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்ற அறிவிப்பு எதுவும் இல்லை. பத்து முறை முயன்றாலும் பத்து முறையும் இதே சுழற்சிதான். பழைய கணினியில் எல்எக்ஸ்டிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய லினக்ஸ் டெஸ்க்டாப்பை ஓட்டுபவர்களுக்கு இந்தக் கோளாறு பழக்கமானது. இதன் உடன்பிறப்புகளும் பழக்கமானவையே: கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் அசைவது, பின்னணிப் படம் வந்தும் அடிப்பட்டை வராமல் போவது, சாளரங்கள் திறந்தாலும் தலைப்புப் பட்டை இல்லாததால் அவற்றை நகர்த்தவோ மூடவோ முடியாமல் கிடப்பது. பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘லினக்ஸ் வரமாட்டேன் என்கிறது’ என்று சொல்லிவிட்டு, முழுவதையும் அழித்து மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். இவை நான்கும் நான்கு வேறு கோளாறுகள் என்பதே என் வாதம். டெஸ்க்டாப் எந்தப் படியில் நிற்கும், நின்றால் திரை எப்படித் தெரியும் என்பவற்றை 1984க்கும் 1988க்கும் இடையில் எடுத்த சில முடிவுகள் பெரும்பாலும் தீர்மானித்துவிட்டன. அந்த வரலாறு தெரிந்தவருக்குக் கோளாறு படிக்கக்கூடியதாகிறது.

1983இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அதீனா என்ற திட்டத்தைத் தொடங்கியது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் அதற்குக் கணினிகள் கொடுத்தன. இரு நிறுவனங்களின் இயந்திரங்களும் வேறு வேறு வகை. ஆனால் மாணவர் ஒருவர் வளாகத்தின் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் அவருடைய கோப்புகளும் அவர் செய்து வைத்த அமைப்புகளும் அங்கே வந்து சேர வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். இந்தத் தேவைக்கு நடுவில்தான் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் சாளர அமைப்பை உருவாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் பால் அசென்டேயும் பிரையன் ரீடும் எழுதிய டபிள்யூ என்ற அமைப்பே அதற்கு மூலம். ஆங்கில அரிச்சுவடியில் அடுத்த எழுத்து எக்ஸ் என்பதால் அந்தப் பெயர். 1984 ஜூனில் ஷைஃப்லர் அதை அறிவித்தார். இன்றும் புழங்கும் பதினொன்றாம் வடிவம் 1987 செப்டம்பரில் வந்தது. இதில் எக்ஸ் சர்வரின் வேலை மிகக் குறைவு: சொன்னதைத் திரையில் வரைவது, விசைப்பலகையிலும் மவுஸிலும் நடப்பதை உரிய நிரலிடம் ஒப்படைப்பது. சாளரத்துக்குத் தலைப்புப் பட்டை வேண்டுமா, அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியாது. வழிவகையைக் கொடுப்போம், கொள்கையைத் திணிக்க மாட்டோம் என்பது அதை எழுதியவர்களின் நிலைப்பாடு. ஆகவே தலைப்புப் பட்டை போடும் வேலை சாளர மேலாளர் என்ற தனி நிரலுக்குப் போனது. அது மற்ற நிரல்களைப் போலவே சர்வருடன் பேசும் இன்னொரு நிரல்தான். அது செத்தால் மற்றவை சாவதில்லை. தலைப்பில்லாத சாளரங்கள் கிடக்கும் திரை என்பது எக்ஸின் பார்வையில் முற்றிலும் முறையான நிலை; சாளர மேலாளர் ஓடவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

எக்ஸ் சர்வர் மட்டும் தனியாக எழுந்தால் திரை எப்படி இருக்கும் என்பதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் பின்னிய, கண்ணை உறுத்தும் சாம்பல் நெசவு ஒன்று திரை முழுக்கப் பரவும். நடுவில் பெருக்கல் குறி வடிவில் ஒரு சுட்டி. அழகாக இல்லை என்று பலரும் குறைபட்ட அந்த நெசவுக்கு ஒரு பயன் இருந்தது. நெசவு தெரிந்தால் திரையட்டை, டிரைவர், மானிட்டர், சர்வர் நான்கும் சரி. அதற்கு மேலே வர வேண்டியதுதான் வரவில்லை. நெசவே தெரியாவிட்டால் கோளாறு அதற்குக் கீழே. ஒரே பார்வையில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பின்னாளில் வந்த பதிப்புகளில் இந்த நெசவை எடுத்துவிட்டு வெறும் கறுப்பை வைத்தார்கள். கணினி எழும்போது திரை பளிச்சென்று மாறி மாறித் தெரிவதைத் தவிர்க்கத்தான் இது, காரணம் நியாயமானதே. ஆனால் சர்வர் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போனதும் ஒரே கறுப்பாகத் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து, ஒரு தகவல் இழக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது. பழைய நெசவு வேண்டுமென்று கேட்டால் எக்ஸ் சர்வர் இன்னும் கொடுக்கும். ‘ரெட்ரோ’ என்ற ஒரு தேர்வு அதற்கென்றே இருக்கிறது.

முதல் பத்தியில் சொன்ன கடவுச்சொல் சுழற்சிக்கு வருவோம். எக்ஸைக் கையால் தொடங்கிய காலத்தில் எக்ஸ்இனிட் என்ற சிறு நிரல் அந்த வேலையைச் செய்தது. அது பயனரின் இல்லக் கோப்புறையில் உள்ள எக்ஸ்இனிட்ஆர்சி என்ற கோப்பை வரிசையாகப் படிக்கும். கடைசி வரியைத் தவிர மற்ற வரிகளில் தொடங்கும் நிரல்களைப் பின்னணியில் ஓட விட வேண்டும். கடைசி வரி மட்டும் முன்னணியில் நிற்க வேண்டும். அந்தக் கடைசி நிரல் முடிந்தால் அமர்வு முடிந்தது என்று பொருள். எக்ஸ்இனிட் சர்வரையும் நிறுத்திவிடும். எல்லா வரிகளையும் பின்னணிக்கு அனுப்பிவிட்டால் கோப்பு ஒரு நொடியில் தீர்ந்துபோய், திரை மின்னி மறைந்து பழைய எழுத்துத் திரை வந்துவிடும். நடுவில் ஒரு வரியை முன்னணியில் விட்டுவிட்டால் அதற்குப் பிந்திய எதுவும் தொடங்காது. 1988 அக்டோபரில் எக்ஸின் மூன்றாம் வெளியீட்டோடு கீத் பேக்கார்டின் எக்ஸ்டிஎம் வந்து கடவுச்சொல் பெட்டியைத் திரையிலேயே கொண்டுவந்தபோதும் விதி மாறவில்லை: அமர்வை ஏந்தியிருக்கும் நிரல் முடிந்தால் மறுபடி கடவுச்சொல் பெட்டி. 2010இல் ராபர்ட் ஆன்செல் தொடங்கிய லைட்டிஎம் வரை இதே விதிதான். ஆகவே சுழற்சியில் சிக்கிய கணினி கடவுச்சொல்லை மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டு, அமர்வைத் தொடங்கி, அது உடனே முடிந்துபோனதை ஒழுங்காகக் கவனித்து, அடுத்தவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஏன் முடிந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடையையும் அந்தக் காலத்து அமர்வுக் கோப்பு எழுதி வைக்கிறது. பிழைச் செய்திகளை எல்லாம் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற கோப்புக்குத் திருப்பிவிடும். இல்லக் கோப்புறையில் எழுத முடியாவிட்டால் பொதுவான தற்காலிகக் கோப்புறையில் எழுதும். எக்ஸ்டிஎம்மில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு என்டருக்குப் பதிலாக எஃப்1 விசையை அழுத்தினால், பயனரின் அமைப்பு எதையும் தொடாமல் ஒரே ஒரு கட்டளைச் சாளரம் மட்டும் திறக்கும். பயனர் தன் கோப்பைத் தானே கெடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்து, அவர் திரும்பி வர ஒரு வழியை விட்டுவைத்த அந்தக் கவனம் எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது.

அமர்வு உடனே முடிவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அதீனாவின் இன்னொரு முடிவோடு தொடர்புடையவை. மாணவரின் அமைப்புகள் கணினியோடு ஒட்டாமல் அவருடைய இல்லக் கோப்புறையோடு போக வேண்டும் என்பது அது. யூனிக்ஸின் பல பயனர் வழக்கத்தோடு சேர்ந்து அது லினக்ஸுக்கும் வந்தது. பொதுவான அமைப்பு ஒரு பக்கம், பயனரின் சொந்த அமைப்பு இல்லக் கோப்புறையில். இதனால் கிடைப்பது ஓர் அருமையான சோதனை: புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் நுழைந்து பாருங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் நிறுவலில் குற்றமில்லை. பழைய பயனரின் இல்லத்தில்தான் ஏதோ கெட்டிருக்கிறது. அடிக்கடி கெடுவது எக்ஸ்அதாரிட்டி என்ற கோப்பு. சர்வரோடு பேசும் உரிமைச் சீட்டு அதில் இருக்கிறது. ஒவ்வொரு நுழைவிலும் அதில் எழுத வேண்டும். நிர்வாகியின் அதிகாரத்தோடு யாராவது ஒருமுறை வரைகலைச் சூழலைத் தொடங்கியிருந்தால் அந்தக் கோப்பு நிர்வாகியின் உடைமையாகிவிடும். பிறகு உரியவரால் தன் வீட்டிலேயே எழுத முடியாது. உடைமையைத் திருப்பிக் கொடுத்தால் போதும், சுழற்சி அறும். வட்டு நிரம்பி எழுத ஒரு பைட்டுக்கும் இடமில்லாமல் போனாலும் இதே அறிகுறிதான். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்2 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், வட்டில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சர்வரே எழாத கோளாறுக்கு வேறொரு வரலாறு உண்டு. சொந்தக் கணினிகளுக்கான எக்ஸை 1990களின் தொடக்கத்திலிருந்து எக்ஸ்ஃப்ரீ86 திட்டத்தின் தன்னார்வலர்கள் கொடுத்துவந்தார்கள். கடையில் கிடைத்த எண்ணற்ற வகைத் திரையட்டைகளோடும் மானிட்டர்களோடும் அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மானிட்டர் ஒரு நொடிக்கு எத்தனை வரி, எத்தனை முழுத்திரை வரையும் என்ற எண்களைப் பயனரே கையேட்டில் தேடி அமைப்புக் கோப்பில் எழுதினார். தாங்காத அலைவெண்ணைக் கொடுத்தால் பழைய குழாய் மானிட்டர் பழுதாகலாம் என்று ஆவணங்கள் எச்சரித்தன. 2004இல் உரிமத்தில் செய்த மாற்றத்தால் சமூகம் பிரிந்து எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையிடம் பணி போனது. சில ஆண்டுகளில் அந்த அமைப்புக் கோப்பே பெரும்பாலோருக்குத் தேவைப்படாமல் போயிற்று. ஆனால் அந்தக் கடுமையான ஆண்டுகள் விட்டுச் சென்ற பதிவுக் கோப்பு ஒரு சொத்து. அதில் ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு குறி இருக்கும். பிழைக்கு ஒன்று, எச்சரிக்கைக்கு ஒன்று. அவற்றோடு, இந்தத் தகவலை வன்பொருளைச் சோதித்துத் தெரிந்துகொண்டேன், இது அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதியது, இது எதுவும் சொல்லாததால் நானே எடுத்துக்கொண்டது என்று மூன்றையும் பிரித்துக் காட்டும் குறிகள். ‘திரை எதுவும் கிடைக்கவில்லை’ என்ற கடைசி வரியைக் கண்டு பதறுபவர்கள் அதற்கு மேலே உள்ள இந்தக் குறிகளைப் பார்ப்பதில்லை. என்றோ ஒருநாள் எழுதி மறந்த அமைப்புக் கோப்பு, புதிய டிரைவருடன் மோதுவது அந்தக் குறிகளில் வெளிச்சமாகத் தெரியும்.

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிஷ் கேடிஇ டெஸ்க்டாப்பை அறிவித்தார். 1997இல் நோம் திட்டம் தொடங்கியது. சர்வருக்கு மேலே சிதறிக் கிடந்த துண்டுகளை ஒரே தோற்றத்தில், ஒரே பழக்கத்தில் தருவது இரண்டின் நோக்கமும். துண்டுகள் பெருத்தன, நினைவகமும் அதிகம் தேவைப்பட்டது. ஒலிவியே ஃபுர்தான் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇயும், 2006இல் தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஇயும் போன வழி வேறு. எல்எக்ஸ்டிஇ தனக்கென்று சாளர மேலாளர் எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த ஓப்பன்பாக்ஸை எடுத்துக்கொண்டது. அடிப்பட்டை ஒரு நிரல். பின்னணிப் படத்தையும் சின்னங்களையும் வரைவது பிசிமேன்எஃப்எம் என்ற கோப்பு மேலாளர். இவற்றைத் தொடங்கி வைப்பது எல்எக்ஸ்செஷன். அது படிக்கும் தன்னியக்கக் கோப்பு சில வரிகளே கொண்டது. வரியின் தொடக்கத்தில் ‘அட்’ குறி இருந்தால், அந்த நிரல் செத்தால் மறுபடி எழுப்பு என்று பொருள். அடிப்பட்டைக்கும் கோப்பு மேலாளருக்கும் அந்தக் குறியை முன்கூட்டியே போட்டிருந்தார்கள். 1984இன் பிரிவினையை இதைவிடத் தெளிவாக ஏற்றுக்கொள்ள முடியாது: துண்டுகள் தனித்தனியே சாகும் என்பதை எழுதியவர் அறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உயிர் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். அடிப்பட்டை வரவில்லையா? அதன் அமைப்புக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி நுழைந்தால் பொதுவான அமைப்பிலிருந்து புதிய பட்டை வரும். பின்னணி மட்டும் கறுப்பா? கோப்பு மேலாளரைப் பாருங்கள். நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் பதிப்பு 2009இல் கேடிஇயிலிருந்து எல்எக்ஸ்டிஇக்கு மாறியது. 2011இல், எல்எக்ஸ்டிஇயைக் கொண்ட லுபுண்டு உபுண்டுவின் அதிகாரபூர்வ உறுப்பினரானது. 2012இல் வந்த ராஸ்பெர்ரி பை சிறு கணினியின் முதன்மை இயங்குதளமும் எல்எக்ஸ்டிஇயையே வைத்துக்கொண்டது. நினைவகத்தை மிச்சப்படுத்தியதற்காக இவை புகழப்பட்டன. என் கணிப்பில், பழுதைப் பிரித்துக் காட்டியது அதே அளவுக்குப் பெரிய கொடை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: துண்டுகளாகப் பிரித்ததால்தானே துண்டுகளுக்கு நடுவில் கோளாறு வருகிறது? 1994இல் வந்த ‘யூனிக்ஸ் வெறுப்பாளர் கையேடு’ என்ற நூலில் டான் ஹாப்கின்ஸ் எக்ஸைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதி, அதன் பருமனையும் அமைப்பு முறையின் சிக்கலையும் கடுமையாகச் சாடினார். கொள்கை இல்லாமையால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்வது பற்றிய குறைகளில் உண்மை உண்டு. பயனர் பட்ட பாடும் உண்மை. ஆனால் எக்ஸ் அறிவிக்கப்பட்ட அதே 1984இன் ஜனவரியில் வந்த மெக்கின்டாஷோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தது. எழும்போது கோளாறு என்றால் சோக முகத்தோடு ஒரு குட்டிக் கணினிப் படமும் அதன் கீழே ஒரு குறியெண்ணும் தெரியும். அந்த எண்ணின் பொருள் தெரிந்தவரிடம் எடுத்துப் போவதுதான் பயனருக்கு இருந்த வழி. ஒன்றாகக் கட்டியது குறைவாகக் கெடலாம். கெட்டால் முழுவதும் கெடும். விண்டோஸும் காலப்போக்கில் டிரைவர்களைக் குறைத்து எழும் பாதுகாப்பு முறை ஒன்றைக் கொடுக்க வேண்டி வந்தது. பழுது பார்க்க வேண்டிய நேரத்தில் எல்லோருமே துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்தப் படிநிலை இன்று முழுதாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். லினக்ஸின் மையமான கெர்னலே திரையட்டையின் முறையை அமைக்கும் வழக்கம், 2009 மார்ச்சில் வெளியான 2.6.29 பதிப்பில் இன்டெல் அட்டைகளோடு பரவத் தொடங்கியது. அதற்கு முன் எழுத்துத் திரை ஒரு வழியிலும் எக்ஸ் இன்னொரு வழியிலும் அட்டையைக் கையாண்டன. எக்ஸ் கெட்டாலும் எழுத்துத் திரை பெரும்பாலும் மிஞ்சும். இப்போது இரண்டுக்கும் ஒரே டிரைவர் என்பதால், அது கோளாறானால் எழுத்துத் திரையும் சேர்ந்து இருண்டுவிடும். அந்த நிலையில் எழுப்பும் பட்டியலிலேயே கெர்னல் வரியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்து, டிரைவரைத் தலையிடாமல் இருக்கச் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் ஃபெடோரா 10உடன் வந்த பிளிமத்தைப் போன்ற வரவேற்புப் படங்கள் எழும்போது ஓடும் செய்திகளை மூடின. அதே கெர்னல் வரியில் உள்ள ‘குவயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரு சொற்களை நீக்கினால் அந்த மூடல் விலகும். மறைத்தார்களே தவிர அழிக்கவில்லை என்பது ஆறுதல்.

சாதாரணப் பயனர் இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும், அவருக்கு வேலை நடந்தால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. போதும்தான். வாங்கிய இடத்தில் பழுது பார்த்துக் கொடுப்பவர் இருக்கும்வரை போதும். ஆனால் எளிய டெஸ்க்டாப்புகள் போய்ச் சேரும் கணினிகள் உற்பத்தியாளர் கைவிட்டவை, உத்தரவாதம் தீர்ந்தவை. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது. அந்த வயதுள்ள கணினியை ஒரு மாணவி இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட விரும்பினால், கனமான டெஸ்க்டாப் அதில் மூச்சுத் திணறும், எளியதுதான் கதி. அது ஒரு காலையில் எழாமல் போனால் அவளுக்கு உதவ எந்த நிறுவனமும் வராது. அவள் கையில் இருப்பது இல்லக் கோப்புறையில் உள்ள ஒரு பிழைப் பதிவும், அதைத் திறக்க ஓர் எழுத்துத் திரையும். அவை சாதாரண எழுத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் 1980களில் முடிவெடுத்தது அவளைப் போன்றவருக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் பயன்படுகிறது.

கடைசி மறுப்பு காலத்தைப் பற்றியது: எக்ஸே போகப்போகிறதே, இந்தப் படிநிலையும் அதோடு போய்விடாதா? எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில் சர்வரும் சாளர மேலாளரும் ஒரே நிரலுக்குள் வந்துவிட்டன. தலைப்பில்லாத சாளரங்கள் அநாதையாகக் கிடக்கும் காட்சி அங்கே பொதுவாக வராது. அந்த நிரல் செத்தால் பெரும்பாலும் அமர்வு முழுதும் போகும். இது உண்மையான இழப்பு, இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராஸ்பெர்ரி பையின் கதையைப் பாருங்கள். 2023 அக்டோபரில் அதன் இயங்குதளம் புதிய மாதிரிகளில் வேஃபயர் என்ற வேலண்ட் நிரலுக்கு மாறியது. ஓராண்டுக்குப் பின் அதையும் விட்டு லேப்டபிள்யூசிக்குப் போனது. லேப்டபிள்யூசி ஓப்பன்பாக்ஸை முன்மாதிரியாகக் கொண்டது. அதன் அமைப்புக் கோப்பின் வடிவமும் ஓப்பன்பாக்ஸினுடையதை ஒட்டியதே. அடிப்பட்டை இன்னும் தனி நிரல். பின்னணிப் படத்தை இன்னும் பிசிமேன்எஃப்எம்தான் வரைகிறது. எதையெல்லாம் தொடங்க வேண்டும் என்பது இன்னும் ஒரு தன்னியக்கக் கோப்பில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. பட்டை வராத நாளில் முதலில் திறந்து பார்க்க வேண்டிய கோப்பும் அதுவே.